ஏரி வறண்டால் டிக்கெட் காசு திரும்ப வருமா?

விடுமுறையில் காடு, ஏரி, கடற்கரை என்று போய் வந்தவர்களிடமிருந்து இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி புகார், மீதி சந்தேகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் கோபம் அதிகமாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

பறவைகள் சரணாலயம் ஒன்றுக்கு ஜூன் மாதம் பிள்ளைகளோடு போனோம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆடு மேய்கிறது. பறவை என்று பார்த்தது இரண்டு மைனா, ஒரு காக்கை. ஆனால் உள்ளே விட டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?
— தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் ஜூனில் நம் பக்கத்துச் சரணாலயங்கள் பலவற்றுக்கும் இதே கோலம்தான். டிக்கெட் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரணாலயம் என்றதும் நம் மனசில் வண்டலூர் வந்து நின்றுவிடுகிறது, எப்போது போனாலும் கூண்டுக்குள் ஏதாவது இருக்கும் என்று. இவை ஏரிகள், அம்மா. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டிய ஏரிகள். மழை பெய்தால் நிறையும், மதகைத் திறந்தால் குறையும், கோடையில் காயும்.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கல் என்றாலே செங்கல்பட்டுப் பக்கம் சின்ன ஏரி என்று அர்த்தம், இதுவும் சுமார் 74 ஏக்கர்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து, ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின் இடுப்பு வரை தண்ணீர் ஏறினால்தான் பறவைக்கு அங்கே கூடு கட்டத் தைரியம் வரும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் கீரியோ பூனையோ நாயோ லேசில் மரத்தை நெருங்க முடியாது, கோட்டைக்கு அகழி மாதிரி. நவம்பர், டிசம்பரில் கூடு கட்டி, தை மாசியில் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து கொட்டி, பங்குனி வாக்கில் பறக்கப் பழக்கிக் கிளம்பிவிடும். மழை பொய்த்த வருடமென்றால் ஜனவரியில் போனாலும் வெறும் மரம்தான். அதனால் போவதற்கு முன்னால் காலண்டரைப் பார்ப்பதோடு, அந்தப் பக்கம் மழை எப்படி என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த ஏரியைக் காப்பாற்றி வைத்தது வனத்துறை இல்லை, அவர்கள் வந்தது வெகு பின்னால். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக வரும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அதனால் யாரையும் சுட விட மாட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல், அதாவது உறுதிச் சீட்டு, எழுதி வாங்கியிருக்கிறார்கள். அரசாங்கம் சரணாலயம் என்று பெயர் வைத்தது 1936-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். தீபாவளிக்கு இன்றைக்கும் அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. யோசித்துப் பாருங்கள், நம் தெருவில் ஒரு வருடம் அப்படி நடக்குமா?

சரணாலயம் என்பது ஏரி மட்டும் இல்லை, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். ஏனென்றால் பறவை ஏரியில் தூங்குகிறது, குஞ்சு பொரிக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்து வயலுக்கும் மற்ற ஏரிகளுக்கும்தான் போகிறது. 2020-இல் இந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு யோசனை கிளம்பி, எதிர்ப்பு வந்து, பிறகு கைவிட்டார்கள். அடுத்த முறை படாளத்தில் திரும்பி ஏரிக்குப் போகும் வழியில் காரை மெதுவாக விடுங்கள். வயல் வரப்பில் நிற்கும் நத்தை குத்தி நாரைதான் மாலையில் ஏரி மரத்தில் வந்து உட்காரப்போகிறது, அதே டிக்கெட்டில் இதுவும் சேர்த்தி.

ஒரு சின்னக் குறை, உங்கள் மேல் இல்லை, எங்கள் பத்திரிகைக்காரர்கள் மேல். ‘வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்துக்காக வேடந்தாங்கல் வருகின்றன’ என்று வருடா வருடம் எழுதுகிறோம். கூடு கட்டும் கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நாரை, பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். வடக்கே குளிர்தேசத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே குளிருக்கு ஒதுங்கி, தின்று, ஓய்வெடுத்துவிட்டு, முட்டையிடத் திரும்பத் தங்கள் ஊருக்கே போய்விடுகின்றன. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருவது வேறு, பொங்கலுக்கு வந்து போவது வேறு.

காட்டுக்குப் போகும்போது என்ன நிறத்தில் உடுத்த வேண்டும்? ராணுவ உடை மாதிரி வாங்கினால்தான் நல்லது என்கிறான் மகன்.
— சேலம் வாசகர்

வீட்டில் இருக்கும் பழைய காக்கி, மண் நிறம், மங்கின பச்சை எதுவும் போதும். மகனிடம் சட்டையைவிட வாயை மூடிக்கொண்டு நடப்பது முக்கியம் என்று சொல்லுங்கள். சென்ட் வேண்டாம்.

புதிதாகப் பெரிய லென்ஸ் வாங்கியிருக்கிறேன். கூட்டில் குஞ்சுக்குத் தாய் இரை ஊட்டும் படம் எடுக்க ஆசை. எவ்வளவு பக்கத்தில் போகலாம்?
— கோவை வாசகர்

பெரிய லென்ஸ் வாங்கியதே தள்ளி நிற்கத்தானே?

கூட்டுப் படம் எடுக்க நான் யாருக்கும் வழி சொல்வதில்லை, அதற்குக் காரணம் என் சொந்தக் கதை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குளத்தில், ஊர் எதற்கு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, கருவேல மரத்தில் வக்கா கூடு கட்டியிருந்த இடத்துக்கே போய்விட்டேன். தாய்ப்பறவைகள் எழுந்து பறந்தன. அழகான காட்சி என்று அதையும் எடுத்தேன். பத்து நிமிடம் இருக்கும், குஞ்சுகள் பயத்தில் கூட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, ஒன்று தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. கையில் எடுத்து மேலே வைக்க எட்டவில்லை. அதற்குள் அடுத்த கூட்டில் காக்கை வந்து உட்கார்ந்தாயிற்று. காக்கைக்கு மூளை அதிகம், மனிதன் போகும் இடத்தில் கூடு காலியாகும் என்று அதற்குத் தெரியும். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

காக்கை வராவிட்டாலும் வெயில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் தாய் முட்டை மேல் உட்காருவது சூடேற்ற மட்டும் இல்லை, பல சமயம் நிழல் கொடுக்க. அது எழுந்து போன நேரமெல்லாம் முட்டை வேகிறது. 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதைக்கூட ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, கேமராவோடு போனாலும் அதே கணக்குதான்.

எவ்வளவு தூரம் என்று மீட்டர் கணக்குக் கேட்டால், பறவை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் போய்விட்டீர்கள், இரண்டு எட்டு பின்னால் வாருங்கள். சரணாலயத்தின் பார்வை மேடையிலிருந்து எடுத்தாலே கூழைக்கடா வாயைத் திறந்து குஞ்சுக்கு ஊட்டுவது நன்றாக விழும். ஆந்தைக் கூட்டைக் கண்டுபிடித்தால் இடத்தைப் போட்டு இணையத்தில் ஏற்றாதீர்கள், மறுநாள் உங்களைப் போல இருபது பேர் வருவார்கள். டிரோன் பற்றிக் கேட்கவில்லை, கேட்டுவிடாதீர்கள்.

செல்போனில் பறவைக் குரலைப் போட்டால் பறவை பக்கத்தில் வருகிறதே, அதில் என்ன தப்பு?
— ஈரோடு வாசகி

வருவது உங்களைப் பார்க்க இல்லை, எவனோ தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு. இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடிச் செலவழிக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் ஒருவன் தினமும் வந்து சவால்விட்டு ஒளிந்துகொண்டால் சமையல் நடக்குமா?

எங்கள் குலதெய்வம் காரையாறு சொரிமுத்து அய்யனார். தலைமுறை தலைமுறையாக ஆடி அமாவாசைக்குப் போகிறோம். இப்போது பையைச் சோதிக்கிறார்கள், அதை எடுக்காதே இதை எடுக்காதே என்கிறார்கள். நாங்கள் என்ன சுற்றுலாப் பயணிகளா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

இல்லை, நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, புலிகள் காப்பகம் என்ற பெயர் வரும் முன்பே அந்த அய்யனார் உங்களுடையவர். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானது 1988-இல், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். உங்கள் தாத்தா மாட்டு வண்டியிலோ நடந்தோ போயிருப்பார். ஆனால் உங்கள் தாத்தா கையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்: ஓலைப்பெட்டி, பித்தளைச் செம்பு, அரிசி, தேங்காய். அவர் விட்டு வந்ததைக் காடு பத்து நாளில் தின்று தீர்த்திருக்கும். இன்றைக்கு நாம் விட்டு வருவது ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில், சாம்பார் ஒட்டிய பாலித்தீன். அந்த மணத்துக்கு மிளா மானும் குரங்கும் பன்றியும் வந்து பையோடு விழுங்கும். விலங்கைச் சீண்டாதே, குப்பை போடாதே என்று சட்டம் சரணாலயத்துக்குச் சொல்லும்போது இரண்டையும் ஒரே வரியில்தான் சொல்கிறது.

அப்புறம் துணி. நேர்த்திக்கடன், பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடுவது நம் பழைய வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பருத்தி வேட்டி மட்கும், பாலியஸ்டர் சேலை மட்காது. பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறையில் ஒருமுறை காலைவிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கால் தரையில் படுவதற்கு முன் துணியில் மாட்டும். அந்தத் தண்ணீர்தான் கீழே திருநெல்வேலி முழுக்கக் குடிக்கிறது.

சோதனைச் சாவடியில் இருப்பவர் மரியாதையாகப் பேசியிருக்கலாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் சோப்பு இல்லாமல் குளித்து, வாழை இலையில் சாப்பிட்டு, இருட்டும் முன் இறங்கிவிடுவது ஒன்றும் புது விதி இல்லையே, உங்கள் தாத்தா செய்ததுதானே.

குரங்குக்குப் பழம் போட்டால் அபராதம் என்கிறார்கள். ஒரு வாயில்லா ஜீவனுக்கு உணவு கொடுப்பது பாவமா?
— மதுரை வாசகி

கனுப்பிடி வைக்கும் ஊர் நம்முடையது, கை நடுங்கத்தான் செய்யும். வீட்டு மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வையுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மலைப்பாதையில் காரை நிறுத்திப் போடும் பழம் வேறு விஷயம். அது குரங்கைக் காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வரப் பழக்குகிறது. அடுத்த கார் நிற்காது. குட்டியைச் சுமந்த தாய்தான் முதலில் அடிபடும். தப்பியவை பழம் கொண்டுவராதவர்களின் பையைப் பிடுங்கும், பிறகு ‘தொல்லை’ என்று பெயர் வாங்கி, கூண்டில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் விடப்படும். காட்டில் அது தின்ன வேண்டிய அத்திப் பழத்தின் விதை காட்டிலேயே விழ வேண்டும், அதுவும் கெட்டுப்போகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை என்னமோ சொர்க்கம் மாதிரி எழுதுகிறீர்கள். நான் தினம் ரேடியல் ரோட்டில் போகிறேன், குப்பை நாற்றமும் கோரைப் புல்லும்தான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
— துரைப்பாக்கம் வாசகர்

நாற்றம் சதுப்பு நிலத்துடையது இல்லை, நாம் பெருங்குடியில் கொண்டுபோய்க் கொட்டியதுடையது. அதைச் சதுப்பு நிலத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒரு காலத்தில் சுமார் 5,000 எக்டேர் இருந்த இடம் அது. காப்புக்காடு என்று எஞ்சியது 700 எக்டேருக்கும் குறைவு, 2022-இல் ராம்சார் பட்டியலுக்குப் போனபோது குறித்த எல்லை 1,248 எக்டேர். மீதி என்ன ஆயிற்று என்று உங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும், ஒருவேளை அந்த ஜன்னலே மீதிதான். தென் சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைப் பார்க்க வேண்டும். தேங்க இடமில்லாதபோது அது வேளச்சேரியில் படுக்கையறைக்குள் தேங்குகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நீங்கள் ஊரில் இருந்திருந்தால் இதை நான் விளக்க வேண்டாம்.

பார்ப்பதற்கா? டிசம்பர் முதல் ஒரு மூன்று மாதம், காலை 7 மணிக்கு முன்னால், வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு நடைபாதையில் நில்லுங்கள். தாமரைக்கோழி, நீலத் தாழைக்கோழி, உள்ளான் வகைகள், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம். கோரைக்குள் இறங்க வேண்டாம், வேலியைத் தாண்ட வேண்டாம். சாலையோரத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும் சதுப்பு நிலம் எத்தனை நகரத்துக்கு இருக்கிறது? பைனாகுலர் இல்லையென்றாலும் பரவாயில்லை, பூநாரை உயரமான பறவை.

எங்கள் கல்லூரி இயற்கை மன்றம் சார்பில் கோடியக்கரைப் பக்கம் வெறுமனே கிடக்கும் புல்வெளியில் ஆயிரம் விதைப்பந்து வீசத் திட்டமிட்டிருக்கிறோம். வாழ்த்துங்கள்.
— திருவாரூர் மாணவர்கள்

தம்பிகளே, தங்கைகளே, வாழ்த்த மாட்டேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

‘வெறுமனே கிடக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பிசகு. மரம் இல்லாத இடம் எல்லாம் காலி மனை என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கோடியக்கரை 1967-இல் சரணாலயமானதில் அந்தப் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு, அங்கே மேயும் வெளிமானுக்காக. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், வெளி-மான். அதற்குத் தூரத்தில் வருவதைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் தடையில்லாமல் ஓட வேண்டும். புதர் மண்டினால் இரண்டும் போச்சு. ஏற்கெனவே சீமைக்கருவேலம் புல்லைத் தின்றுகொண்டு வருகிறது, அதுவும் ஒரு காலத்தில் ‘பசுமை’ என்று யாரோ நல்லெண்ணத்தோடு தூவியதுதான். பக்கத்திலேயே உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது, உப்பும் சேறுமான நீர்ப்பரப்பு இருக்கிறது, அங்கேதான் குளிர்காலத்தில் பூநாரையும் உள்ளானும் இறங்கும். நம் மாநிலத்திலிருந்து ராம்சார் பட்டியலுக்கு முதலில் போன இடம் இது, 2002-இல். காடு, புல், சேறு மூன்றும் ஒட்டி ஒட்டி இருப்பதுதான் அந்த ஊரின் பணக்காரத்தனம். புல்லையும் சேற்றையும் காடாக்கினால் அது முன்னேற்றம் இல்லை.

நீலகிரியில் இதே தவறு பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. சோலைக்கு வெளியே இருந்த மலைப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்த புல் அது. வரையாடு அதில்தான் மேயும், சீகைக்குள் மேயாது. இப்போது அதே சீகையை வெட்ட ஆள் வைத்துச் செலவழிக்கிறோம்.

கை சும்மா இருக்காது என்றால் அனுமதி வாங்கி, வனத்துறை காட்டும் இடத்தில் சீமைக்கருவேலக் கன்று பிடுங்கப் போங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் பொல்லாதது. விதைப்பந்துகளை என்ன செய்வது என்கிறீர்களா? உங்கள் கல்லூரி வளாகத்தில் நிழல் இருக்கிறதா?

சென்னையில் இரவு ஆமை நடைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகளுக்கு டார்ச் வாங்கித் தரலாமா?
— பெரம்பூர் வாசகி

வேண்டாம், வாங்கியிருந்தால் வீட்டில் வையுங்கள். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கமாக ராத்திரி நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அவர்களோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்வது இங்கே முட்டையிட வரும் ஆலிவ் ரிட்லி ஆமையைத்தான். ஜனவரி முதல் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். கரையில் வெளிச்சமோ ஆள் கூட்டமோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஒன்றரை மாதம் கழித்து வரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று அம்மா சொல்லித் தர இல்லை, அடிவானத்தில் எங்கே வெளிச்சமோ அங்கே போகும். முன்னெல்லாம் அது கடல்தான். இப்போது ஓட்டல் விளக்கும், தெரு விளக்கும், உங்கள் பிள்ளையின் டார்ச்சும்.

இரண்டு விஷயத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துங்கள். ஏழெட்டுக் கிலோமீட்டர் மணலில் நடந்து ஒன்றும் பார்க்காமல் திரும்பலாம். அல்லது செத்த ஆமையை மட்டும் பார்க்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் சிக்கி மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். பிள்ளை கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுக்கு லீவு கிடைக்காது. சரணாலயத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. நான் எப்படிப் பறவை பார்ப்பது?
— உத்திரமேரூர் அருகிலிருந்து ஒரு மாணவன்

ஏரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கிறாயே! சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு நோட்டோடு உங்கள் ஊர் ஏரிக்கரையில், ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாகப் போய் உட்கார், தண்ணீரில் இறங்காதே. நத்தை குத்தி நாரை வந்தால் அலகைப் பார். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி பாதி மூடின மாதிரி. அந்த அலகோடுதான் அது நத்தையைக் கையாளும். சந்து இல்லாத நாரை அந்தக் கூட்டத்தில் இருந்தால் வேறு பறவை என்று நினைத்துவிடாதே, அது இந்த வருடத்துக் குஞ்சு, சந்து வளர வளரத்தான் வரும். வரப்பில் எத்தனை காலி நத்தை ஓடு கிடக்கிறது என்று எண்ணு, எந்த வயலில் அதிகம் என்று குறித்துவை, வயல்காரரிடம் ஏன் என்று கேள். ஒரு மாதம் எழுதியதை எனக்கு அனுப்பு. கூட்டில் எத்தனை முட்டை என்று மட்டும் எண்ணப் போகாதே, கூட்டுப் பக்கம் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.